இருபத்தாறாம் தேதிக்கான நிகழ்ச்சி நிரல்

டிசம்பர் பிறந்தால் எனக்கு இரண்டு நாட்காட்டி.
ஒன்று அரிசி மண்டியில் கொடுத்தது, ராகுகாலம் போட்டது.
இன்னொன்று நானே கோடு கிழித்து எழுதுவது:
இங்கிலாந்தில் மதியம் மூன்று என்றால்
நாகப்பட்டினத்தில் இரவு எட்டரை.
அங்கே ராத்திரி எட்டு என்றால்
இங்கே ஒன்றரை, அடுத்த தேதி.
ஐந்தரை மணிநேரத்தைக் கூட்டிக் கூட்டியே
இந்தக் கேபிள்காரனுக்கு நரை விழுந்துவிட்டது.

ஃபோன் வரும்.
நாகூரிலிருந்து ஜெகபர்: "இருபத்திமூணு மேட்ச் உண்டா?"
பங்குச் சாமியார்: "இருபத்திநாலு ராத்திரி
பதினொன்றரைக்குப் பூசை. அப்ப எதையும் போட்டுத் தொலைக்காதே,
பயல்கள் பாதிப் பிரசங்கத்தில் எழுந்து போறான்கள்."
அட்டவணை போடுவது நானில்லை சாமி என்றேன்.
ஆனால் இருபத்தைந்து அவர்களும் ஆடமாட்டார்கள்,
அன்றைக்கு அங்கே ரயிலே ஓடாதாம்.
"ரயில் ஓடாட்டி பந்து ஓடாதா?"
ஆடுறவன் கார்ல வந்துடுவான் சாமி, பாக்குறவன்?

இருபத்தைந்து:
பழைய கோல்களின் தொகுப்பு மட்டும்.
யாரும் புதிதாகத் தோற்காத ஒரே நாள்.
கேக்குத் தட்டோடு கடையில் நிற்கும் இன்னாசிமுத்து
போன வருஷம் விழுந்த கோலுக்கு
இந்த வருஷமும் கை தட்டுகிறான்.
தொண்ணூறு நிமிஷத்தை ஆறு நிமிஷமாக்கித் தருகிறார்கள்.
பந்து வெளியே போவது,
எடுக்கப் போன பையன் நிஜாரைத் தூக்கிவிட்டபடி திரும்பி வருவது,
அதெல்லாம் நறுக்கு.
நடந்தது மிஞ்சும்.
நடக்காமல் கிடந்த நேரம் முழுக்க
யாருடைய கத்தரிக்கோலிலோ போய்விடும்.

இருபத்தாறு.
அங்கே அன்றைக்குத்தான் ஆட்டத்துக்கு மேல் ஆட்டம்.
மாலை ஆறு, எட்டரை, பதினொன்று, ஒன்றரை.
இங்கே காலையில்
கீச்சாங்குப்பத்தில் யாரும் படகு எடுப்பதில்லை.
செவ்வந்தி கூடை கூடையாக வந்திறங்கும்.
எல்லாச் சேனலிலும் அந்த அலை.
முழுதாக ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை,
மெதுவாக ஒருமுறை,
சிவப்பு வட்டம் போட்டு ஒருமுறை,
கோலுக்குப் போடுவார்களே
அது மாதிரி.

ஆறாவது வருஷமோ ஏழாவது வருஷமோ
அடைக்கலமேரி கடைக்கு வந்தாள்.
சந்தா கட்டத்தான் என்று
ரசீதுப் புத்தகத்தைக்கூட எடுத்துவிட்டேன்.
"நம்ம லோக்கல் சேனல்ல, அன்னைக்குக் காலையில,
ஒண்ணும் நடக்காத எதையாச்சும் போடுவியா?"

தேடினேன்.
படத்தில் எல்லாம் ஏதாவது நடந்துவிடுகிறது.
பாட்டிலும் மழை வருகிறது.
பக்திப் பேச்சைப் போட்டால்
ஒருவர் கோலை நீட்டிக் கடலைப் பிளக்கிறார்.
கடைசியில் பரணில் கிடைத்தது, நாங்களே எடுத்த கேசட்.
இரண்டாயிரத்து நாலு, பொங்கல் கோப்பை, அரையிறுதி.
கீச்சாங்குப்பம் சைபர், நாகூர் சைபர்.
ஒரு ஆடு மைதானத்தைக் குறுக்கே கடக்கிறது,
நடுவர் அதற்கும் விசில் ஊதுகிறார்.
கேமரா பிடித்தவன் நடுவில் அரை நிமிஷம்
தென்னை மரத்தைக் காட்டுகிறான், எதற்கென்று தெரியவில்லை.
நாற்பத்தோராவது நிமிஷம்
பந்து கடுவையாற்றங்கரைப் பக்கம் உருண்டு போகிறது.
கடித்த கரும்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு
ஒரு பையன் இறங்கி ஓடுகிறான்.
திரும்பி வர ஒன்றேகால் நிமிஷம்.
அதுவரை எல்லோரும் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்கள்.

நான் அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை.
அந்த இடம் வரும்போது அடைக்கலமேரி
டீயைக் கீழே வைத்துவிடுவாள் என்று
இன்னாசிமுத்துதான் அப்புறம் சொன்னான்.

கேசட் தேய்ந்துகொண்டே வருகிறது.
கோடு விழுகிறது, புல் நீலமாகிவிட்டது.
புதிதாகச் சேர்ந்த எடிட்டிங் தம்பி நல்ல பையன்,
"அண்ணே, கம்ப்யூட்டர்ல ஏத்தி
ஆறு நிமிஷமா சுருக்கித் தரட்டா?
ஹைலைட்ஸ் மட்டும்?"

எதைத் தம்பி, என்றேன்.

அவன் யோசித்துக்கொண்டிருக்கிறான்.
நான் கோடு கிழித்து எழுதுகிறேன்:
இருபத்தாறு, காலை ஒன்பது மணி.
ஆட்டம். முழுதாக.